இரட்டை வேலை பார்த்த மாத்திரை

என் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தவள் என் மகள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவளுடைய காலணி நாடாவைக் கட்டிவிடக் குனிந்திருந்தேன். என் முகத்தைப் பக்கத்தில் பார்த்தவள், "அப்பா, கண் ஏன் இப்படி இருக்கிறது?" என்றாள். தூக்கம் போதவில்லை என்று ஏதோ சொல்லி அவளை அனுப்பிவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் பழைய காகிதத்தின் நிறத்தில் இருந்தது.

அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாகவே உடம்பு எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு. வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு கனம். சிறுநீர் கரும்பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. வேலைப் பளு, தண்ணீர் குறைவாகக் குடிக்கிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். நான் அசட்டையாக இருந்தவன் இல்லை. 2011-இல் எச்.ஐ.வி. தொற்று உறுதியான நாளிலிருந்து ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. பத்து நாளுக்கு முன்புதான் பரிசோதனை முடிவு வந்திருந்தது. ரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய முடியாத அளவில் இருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை 600-ஐத் தாண்டியிருந்தது. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தேன்.

அன்று மாலை எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 1,260. கல்லீரல் உயிரணுக்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் நொதி அது. 40-க்குள் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் இருக்கிறது, அதாவது அந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று வந்தது. என்னைச் சேர்த்துக்கொண்ட கல்லீரல் மருத்துவர் மதுவைப் பற்றிக் கேட்கவில்லை, எங்கே போனீர்கள் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எச்.ஐ.வி. மாத்திரையை எப்போது மாற்றினார்கள்?"

நான்கு மாதத்துக்கு முன்பு மாற்றியிருந்தார்கள்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் கூடியிருந்தது. என் பழைய எச்.ஐ.வி. மாத்திரையில் இருந்த டெனோபோவிர் என்ற மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைச் சோதிக்கும் என்பது தெரிந்த விஷயம். அதனால் அதை நிறுத்திவிட்டு, டோலுடெக்ராவிரும் ரில்பிவிரினும் மட்டும் சேர்ந்த இரண்டு மருந்துச் சிகிச்சைக்கு மாற்றினார்கள். சிறுநீரகத்தை நினைத்துச் செய்த மாற்றம், எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் உடம்பில் இன்னொரு வைரஸும் குடியிருந்தது. அதை அத்தனை ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்தது அதே டெனோபோவிர்தான். நானும் அறியாமல், மருந்து எழுதியவரும் அறியாமல், அந்த ஒற்றை மாத்திரை இரட்டை வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் ஹெபடைடிஸ் பி விழித்துக்கொண்டது.

மருத்துவமனையில் இருந்த பதினோரு நாட்களில் மறக்க முடியாதது காலைச் சோதனை. மருத்துவர் வந்ததும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்துப் பிடிக்கச் சொல்வார். கை சிறகு போலத் துடிக்கிறதா என்று அரை நிமிடம் உற்றுப் பார்ப்பார். பிறகு 100-இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு தாளில் என் பெயரை எழுதச் சொல்வார். நேற்று எழுதியதற்குக் கீழே இன்று, இன்று எழுதியதற்குக் கீழே நாளை. கல்லீரல் கைவிட்டால் நச்சு மூளைக்கு ஏறும். ஏறினால் முதலில் குலைபவற்றில் ஒன்று கையெழுத்து என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தினமும் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் அந்த எண் இன்னும் ஏறியபோது, மாற்றுக் கல்லீரல் என்ற சொல்லை என் மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். ஏழாம் நாள் இறங்கத் தொடங்கியது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பதினோரு முறை எழுதிய என் பெயர். நடுவில் இரண்டு நாள் எழுத்து மட்டும் கோடு விட்டுக் கீழே சரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு என் பழைய கோப்பைப் புரட்டினேன். சிகிச்சை தொடங்கியபோது நிரப்பிய படிவம் முதல் பக்கத்திலேயே இருந்தது. எடை, உயரம், சிடி4, காசநோய்ச் சோதனை எல்லாவற்றுக்கும் நேராக எழுத்து இருந்தது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்று அச்சிட்ட இரண்டு கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. அன்றைக்குச் சோதனைப் பொருள் தீர்ந்திருக்கலாம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ நினைத்திருக்கலாம். அடுத்த முறை என்பது பத்து ஆண்டுகளாக வரவே இல்லை. அந்த மையத்தில் என்னை அன்பாகத்தான் நடத்தினார்கள், இன்றும் அவர்கள் மேல் எனக்கு நன்றி உண்டு. ஆனாலும் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அபூர்வம் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். எச்.ஐ.வி.யுடன் வாழும் 100 பேரில் 7 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் பி-யும் இருப்பதாகவும், 6 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி வந்துபோன அல்லது இப்போதும் இருக்கும் தடயம் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வியப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. மூன்றும் ரத்தத்தின் வழியே, உடலுறவின் வழியே, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று ஏறக்குறைய ஒரே பாதைகளில் பயணிப்பவை. பி உலர்ந்த ரத்தத்துளியில்கூட ஏழு நாளாவது உயிரோடிருக்கும். சி பெரும்பாலும் ரத்தத்தையே நம்பி நகர்வது. ஊசியைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் அது வேகமாகப் பரவும்.

ஒரே பாதையில் வந்தாலும் உள்ளே வந்து தங்கும் விதத்தில் மூன்றும் வேறு வேறு. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு என் மருந்துகள் புரிந்தன. எச்.ஐ.வி. நம் உயிரணுவின் மரபிழையிலேயே தன்னைப் பின்னிக்கொள்கிறது. பிரித்தெடுக்க வழியில்லை, அடக்கி வைக்கத்தான் முடியும். பி அப்படிப் பின்னிக்கொண்டுதான் பெருக வேண்டும் என்பதில்லை. கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள் போய், தன் மரபுப்பொருளை ஒரு சின்ன வளையமாக முடிந்து வைத்துக்கொள்கிறது. மருந்து கொடுத்தால் அந்த வளையத்திலிருந்து புதிய வைரஸ் உருவாவது நிற்கும். வளையம் அப்படியே கிடக்கும். மருந்தை நிறுத்திய மறுமாதமே அது வேலையைத் தொடங்கிவிடலாம், எனக்கு நடந்தது போல. சி-க்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. அது கருவுக்குள் போவதே இல்லை. பெருகிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு வாழ்வு. பெருகுவதைச் சில வாரம் முழுதாக நிறுத்திவிட்டால் ஒழிந்துபோகும். மூன்றில் அடியோடு குணமாக்கக் கூடியது சி ஒன்றுதான்.

எச்.ஐ.வி. மாத்திரை ஏன் பி-யையும் பிடிக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டேன். எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வைத் தலைகீழாகப் படியெடுக்கும் வைரஸ். பி-யும் பெருகும்போது அதே தலைகீழ்ப் படியெடுப்பைத்தான் செய்கிறது. படியெடுக்கும் இரண்டு கைகளுக்கும் சாயல் ஒன்று. அதனால்தான் டெனோபோவிர், லாமிவுடின், எம்ட்ரிசிடபின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் மூன்றும் இரண்டு பக்கமும் வெட்டுகின்றன. இதில் லாமிவுடினை மட்டும் நம்பி பி-யை விட்டுவைத்தால் அது சீக்கிரமே பழகிவிடும். இரண்டு தொற்றும் உள்ளவர்களில் நான்கு ஆண்டுக்குள் பத்தில் ஒன்பது பேரிடம் மருந்தை எதிர்க்கும் பி உருவானதை 1990-களின் இறுதியிலேயே கண்டிருக்கிறார்கள். டெனோபோவிரைப் பி எதிர்ப்பது மிக அரிது. ஆகவே பி உள்ளவரின் சிகிச்சையில் டெனோபோவிர் இருக்க வேண்டும். சிறுநீரகம் தாங்கவில்லை என்றால் அதன் இன்னொரு வடிவமான டெனோபோவிர் அலாபெனமைடு இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் குறைவாகவே தொந்தரவு செய்யும். எனக்கு இப்போது கொடுப்பது அதுதான். நான்கு மாதத்துக்கு முன்பே அதைக் கொடுத்திருக்கலாம். யாருக்காவது என் பி தெரிந்திருந்தால்.

தலைகீழாகவும் ஒரு பொறி உண்டு. பி-க்கு என்று கொடுக்கும் என்டகாவிர் எச்.ஐ.வி.யையும் லேசாகத் தொடும். எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் அதைத் தனியாகக் கொடுத்தால், எச்.ஐ.வி. வைரஸ் மருந்தை எதிர்க்கப் பழகிவிடலாம். 2007-இல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. பி இருக்கிறது என்று தெரிந்தவுடன் எச்.ஐ.வி. சோதனையும் செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சி-யைப் பற்றிச் சொல்ல அண்ணனை அழைத்து வர வேண்டும். உடன்பிறந்தவர் இல்லை, எங்கள் ஆதரவுக் குழுவில் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோரும் அண்ணன் என்றே அழைப்போம். எச்.ஐ.வி.யும் சி-யும் சேர்ந்து இருந்தவர். அவருடைய முதல் சிகிச்சை 2008-இல்: வாரம் ஒரு இன்டர்பெரான் ஊசி, தினமும் ரிபாவிரின், மொத்தம் 48 வாரம். ஊசி போட்ட இரவு உடம்பு தூக்கிப் போடும் என்பதால் வெள்ளிக்கிழமை இரவில்தான் போட்டுக்கொள்வார். சனியும் ஞாயிறும் படுத்துக் கிடந்தால் திங்கள் வேலைக்குப் போகலாம். முடி கொட்டியது, ரத்தம் குறைந்தது. அதைவிட மோசம், மனம் சுருங்கிப்போனது. "தம்பி, அந்த வருடம் என் வீட்டு ஜன்னலை நான் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை" என்று சொன்னார். இன்டர்பெரான் ஆளை அப்படி இருளில் தள்ளும் என்பதை அன்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. தன் மனம்தான் பலவீனமானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஓராண்டு இப்படி உழன்ற பிறகும் சி போகவில்லை. அந்தக் காலத்தில் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சிகிச்சை 100-க்கு 40 பேரைத்தான் குணமாக்கியது. சி-யின் முதல் மரபுவகை என்றால் 30 பேர்கூட இல்லை.

1989-இல்தான் சி வைரஸ் என்று ஒன்றை அடையாளம் கண்டார்கள். அதற்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வந்த காமாலைக்கு 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்பதே பெயராக இருந்தது. அதைத் துரத்திப் பிடித்த ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2013 டிசம்பரில் சி-யை நேரடியாகத் தாக்கும் சோபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு நிலைமை தலைகீழானது. அண்ணனுக்கு இரண்டாம் சிகிச்சை 2017-இல்: தினம் ஒரு மாத்திரை, 12 வாரம், அவ்வளவுதான். ஊசி இல்லை, நடுக்கம் இல்லை. இந்த மாத்திரைகளில் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள், எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றால் குணம் என்று பொருள். அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்தவர், வாசலிலேயே நின்று அழுதார். நானும் அழுதேன். ஒன்பது வருடம் முன்பே இது வந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கமும் அந்த அழுகையில் இருந்தது.

அவருக்கும் சிகிச்சைக்கு முன்பு ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. அப்போது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த எச்.ஐ.வி. மருந்தில் எபாவிரென்ஸ் இருந்தது. அது சி-க்கான மாத்திரையில் உள்ள வெல்படாஸ்விர் என்ற மருந்தின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். எபாவிரென்ஸுக்குப் பதிலாக வேறு மருந்து கொடுத்து, எச்.ஐ.வி. அடங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சி-க்கான மாத்திரையைத் தொடங்கினார்கள். வயிற்றெரிச்சலுக்கு நாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகூட வெல்படாஸ்விரைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும். அதையும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொரு சோதனையையும் அவர் மருத்துவர் விடவில்லை. சி-க்கு மாத்திரை தொடங்குமுன் பி இருக்கிறதா என்று பார்த்தார். ஒரே கல்லீரலில் பி-யும் சி-யும் இருந்தால் பெரும்பாலும் சி மேலோங்கி, பி அடங்கிக் கிடக்கும். சி-யை விரட்டியதும் பி எழும்பலாம். சிலருக்கு உயிரே போயிருக்கிறது. 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைகள் எல்லாவற்றின் மேலும் இதற்கான கடும் எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. அண்ணனுக்குப் பி இல்லை, தடுப்பூசியும் இல்லை. அன்றே முதல் தடுப்பூசியைப் போட்டார்கள்.

சி குணமாகிவிட்டது என்பதால் இனி வராது என்று பொருளில்லை. மறுபடி வைரஸ் உள்ளே வந்தால் மறுபடி தொற்றும். சி-க்குத் தடுப்பூசியும் கிடையாது. வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும் என்பதால் சாதாரண ஆன்டிபாடி சோதனை அண்ணனுக்கு என்றைக்கும் 'இருக்கிறது' என்றே காட்டும், வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனைதான் உண்மையைச் சொல்லும். ஒருமுறை வேறொரு அறுவைச் சிகிச்சைக்குப் போன இடத்தில் இந்த வேறுபாடு தெரியாமல் அவரைத் தனி அறையில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். குணமான தாள் அவர் பையில் இருந்தது. எடுத்துக் காட்ட இரண்டு நாள் ஆயிற்று, அவ்வளவு கூனிப்போயிருந்தார். ஆன்டிபாடி சோதனை எதிர்ப்பக்கமும் ஏமாற்றும்: சிடி4 மிகவும் குறைந்தவர்களுக்கு உடம்பு ஆன்டிபாடியே உருவாக்காமல், சி இருந்தும் இல்லை என்று வரலாம்.

எங்கள் குழுவில் இப்போது எல்லோரும் பேசுவது ஊசியைப் பற்றித்தான். கபோடெக்ராவிரும் ரில்பிவிரினும் சேர்ந்த ஊசியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும். தினமும் மாத்திரை டப்பாவைத் திறக்க வேண்டாம், யாரிடமும் ஒளிக்க வேண்டாம். அதன் அருமை மாத்திரையை ஒளித்து வைத்து வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். யாருடைய ஆசையையும் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஊசியில் பி-யைப் பிடிக்கும் மருந்து ஒன்றுகூட இல்லை. டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் சேர்ந்த மாத்திரையில் பி-யைத் தொடுவது லாமிவுடின் மட்டும்தான். சிகிச்சை எளிதாக ஆக, பழைய மூன்று மருந்து மாத்திரை சொல்லாமல் கொடுத்துவந்த காவல் விலகிக்கொண்டு வருகிறது. புதிய மருந்து கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "பி பார்த்தாயா?" என்பதுதான். சிலர் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. போன வருடம் ஒரு பெண் அப்படிச் சலித்துக்கொண்டே சோதித்துப் பார்த்தாள், இருந்தது.

என் மனைவிக்கு எச்.ஐ.வி. இல்லை. நான் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களிலேயே அவளையும் மகளையும் சோதித்தார்கள். மகளுக்குப் பிறந்தவுடன் தொடங்கிய தடுப்பூசி முறையாகப் போட்டிருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போது பி தொற்றினால் 10 பேரில் 9 பேருக்கு நிலைத்துவிடும் என்று படித்தபோது அந்த அட்டையை எடுத்து மறுபடி மறுபடி பார்த்தேன். மனைவிக்குப் பி தொற்றியிருக்கவில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை. எச்.ஐ.வி. மாத்திரையில் இருந்த டெனோபோவிர் எனக்கே தெரியாமல் அவளையும் காத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசிகள் போட்டுக்கொண்டாள். காப்பு உருவாகியிருக்கிறதா என்று பிறகு பார்த்தபோது 10-க்கு மேல் இருக்க வேண்டிய எண் அவளுக்கு 380. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்தத் தடுப்பூசி அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை. அண்ணனுக்கு முதல் சுற்று பிடிக்கவில்லை. இரட்டை அளவில் இரண்டாம் சுற்று போட்ட பிறகுதான் எண் ஏறியது. போட்டுவிட்டோம் என்று விட்டுவிடாமல், எண்ணைப் பார்த்தால்தான் இது தெரியும்.

எனக்கு மூன்று மாதத்தில் எஸ்.ஜி.பி.டி. 40-க்குள் வந்தது. ஆனால் கல்லீரலின் விறைப்பை அளந்தபோது தழும்பு கொஞ்சம் தங்கிவிட்டது தெரிந்தது. பி இருப்பவர்களுக்குக் கல்லீரல் சுருக்கம் வருவதற்கு முன்பே புற்றுநோய் வரக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். போன மாதம்தான் போய் வந்தேன். குளிர்ந்த பசையை வலது விலாவுக்குக் கீழே தடவி, "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்றார் அந்தப் பெண். பிடித்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் என் கல்லீரல் ஏறி இறங்கியது. ஓரிடத்தில் அவர் கை நின்றது. அளந்தார், மறுபடி அளந்தார். "பித்தப்பைதான், ஒன்றும் இல்லை. விடுங்கள்" என்றார். விட்டேன்.

வெளியே நீண்ட பெஞ்சில் அண்ணன் என் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'ஹெபடைடிஸ் பி உண்டு. டெனோபோவிரை நிறுத்தக் கூடாது' என்று அட்டையின் மேல் சிவப்பு மையில் நான் எழுதியிருந்தது கைபட்டு மங்கிப்போயிருந்தது. யாரிடமோ பேனா வாங்கி, ஒவ்வோர் எழுத்தின் மேலும் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்.